வலைப்பக்கத்துக்குப் பின்னால் நடப்பது என்ன?
ஜாவா முகப்பையும் ஸ்பிரிங்கையும் இணைக்கும் மூன்று பாடவேளைகள்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் நம் மாணவர்கள் பி.எச்.பி. மொழியில் ஒரு படிவத்தை உருவாக்கி, அதில் நிரப்பிய விவரங்களைத் தரவுத்தளத்தில் சேமிக்கக் கற்கிறார்கள். கணினி அறிவியல் பிரிவு மாணவர்கள் பைத்தானிலிருந்து தரவுத்தளத்தைத் தொடக் கற்கிறார்கள். இரண்டிலும் பக்கத்தின் தோற்றம், கணக்கீடு, தரவுத்தளக் கட்டளை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே கோப்பில் இருக்கும். பள்ளி அளவில் இது போதுமானது. ஆனால் இதே மாணவர் அடுத்த ஆண்டு கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ சென்று, பின் வேலைக்கும் போகும்போது, ஒரு படிவத்துக்குப் பின்னால் இருபது முப்பது கோப்புகள் நிற்பதைப் பார்க்கிறார். எது எதை அழைக்கிறது என்று புரியாமல் திகைத்துப்போகிறார். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்தத் திகைப்பு, 'இது நமக்கு வராது' என்ற முடிவாகவே மாறிவிடக்கூடும்.

இதைத் தவிர்க்க, பாடத்திட்டம் முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் மூன்று பாடவேளைகளை ஒதுக்கி ஒரு சிறு பாடத்தை நடத்திவருகிறேன். ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு வலை முகப்பை, ஸ்பிரிங் என்னும் பிரேம்வொர்க்குடன் இணைப்பதே அதன் பொருள். ஜாவா நம் மேல்நிலைப் பாடத்தில் இல்லை. ஆகவே ஜாவா நிரல் எழுதவைப்பது என் நோக்கம் அன்று. இணைப்பின் தத்துவம் புரிந்தால் போதும். முதல் இரண்டு பாடவேளைகளுக்குக் கணினியே தேவையில்லை. அட்டை, சிலேட்டு, பென்சில், இரண்டு குறிப்பேடுகள் போதும்.

இதில் நமக்கும் ஓர் அக்கறை உண்டு. மாணவரின் பிறந்த தேதி, மதிப்பெண், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நாமே அன்றாடம் வலைப்பக்கங்களில் பதிகிறோம். ஒரு குழந்தையின் விவரம் இன்னொரு குழந்தையின் பக்கத்தில் தெரியாமலிருப்பதும், பாதி பதிந்து பாதி விடுபடாமலிருப்பதும் பக்கத்துக்குப் பின்னால் உள்ள இணைப்பைப் பொறுத்தவை. நாளை அத்தகைய பக்கங்களை எழுதப்போகிறவர் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்:
1. முகப்பு, சேவை, தரவுப் பதிவு ஆகிய மூன்று அடுக்குகளைப் பிரித்தறிவார்.
2. ஒரு பொருள் தனக்குத் தேவையானதைத் தானே உருவாக்காமல் வெளியிலிருந்து பெறுவதன் பயனை விளக்குவார்.
3. முகப்பையும் பிரேம்வொர்க்கையும் இணைக்கும் மூன்று இணைப்புகளைக் கூறுவார்.
4. ஒரு பொருளின் ஆயுட்காலத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வரும் ஆபத்தை எடுத்துக்காட்டுடன் சொல்வார்.

பாடத்துக்கு முன் ஆசிரியர் அறிய வேண்டியவை

நாம் இணைக்கப்போவது இரண்டு தரப்பை. ஒன்று, ஜாவாசர்வர் ஃபேசஸ். சுருக்கமாக ஜே.எஸ்.எஃப். பெட்டி, பொத்தான், பட்டியல் போன்ற உறுப்புகளைக் கொண்டு வலைப்பக்கத்தை அமைக்கவும், பயனர் நிரப்பியதைச் சரிபார்த்து நிரலுக்குக் கொண்டுசேர்க்கவும் உதவுவது இது. மற்றொன்று ஸ்பிரிங். இது நிரலில் உள்ள பொருள்களை உருவாக்கி, ஒன்றுக்கொன்று தேவையானதைக் கொடுத்து, அவற்றின் ஆயுளையும் நிர்வகிக்கும் ஒரு கொள்கலன்.

இரண்டின் 1.0 பதிப்புகளும் 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்தன. ஸ்பிரிங்கின் வேர், ராட் ஜான்சன் 2002இல் எழுதிய நூலுடன் தந்த நிரல் தொகுப்பில் இருக்கிறது. அக்காலத்தில் பெருநிறுவன ஜாவா நிரலாக்கம் சுமை மிகுந்ததாக இருந்தது. அந்தக் குளிர்காலத்துக்குப் பின் வரும் வசந்தம் என்ற பொருளில் இப்பெயர் சூட்டப்பட்டது. தேவையானதை வெளியிலிருந்து தரும் முறைக்கு 'டிபென்டன்சி இன்ஜெக்ஷன்' என்ற பெயரை நிலைநிறுத்தியது மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரை.

பக்கம், தகவல், கட்டுப்பாடு ஆகியவற்றைப் பிரிக்கும் எண்ணம் இவற்றைவிட மூத்தது. நார்வே நாட்டைச் சேர்ந்த டிரிக்வே ரீன்ஸ்காக், 1979இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றியபோது அதை வகுத்தார். இந்த வரலாற்றை வகுப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

ஒரே எடுத்துக்காட்டு: பள்ளி நூலகம்

மூன்று பாடவேளைகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன். மாணவர் ஒருவருக்கு நூலகப் புத்தகம் வழங்க வேண்டும். படிவத்தில் மூன்று பெட்டிகள்: சேர்க்கை எண், புத்தக எண், எத்தனை நாள். கீழே 'வழங்கு' என்ற பொத்தான். எல்லா மாணவரும் அறிந்த வேலை என்பதால் விளக்கத்தில் நேரம் வீணாவதில்லை.

இந்த வேலையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். பக்கக் கையாள் என்பவர் படிவத்தில் வந்ததை வாங்கிவைத்துக்கொள்பவர். நூலகச் சேவை என்பவர் விதிகளை அறிந்தவர். ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு புத்தகத்துக்கு மேல் இல்லை என்பது போன்றவற்றை அவர்தான் முடிவு செய்வார். பதிவேட்டாளர் என்பவர் குறிப்பேட்டில் எழுதுவதும் எடுத்துப் படிப்பதும் மட்டுமே செய்வார். பக்கக் கையாள் ஜே.எஸ்.எஃப். பக்கத்துடன் பேசுபவர். மற்ற இருவரும் ஸ்பிரிங் கொள்கலனுக்குள் வாழ்பவர்கள். இவர்களைச் சந்திக்கவைப்பதுதான் இணைப்பு.

முதல் பாடவேளை: ஆறு படிகள்

ஆறு மாணவர்களை முன்னால் வரிசையாக நிறுத்துகிறேன். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. ஒரு மாணவர் 'உலாவி'யாக இருந்து, நிரப்பிய படிவத்தைக் கொண்டுவருகிறார். ஜே.எஸ்.எஃப்.பில் ஒரு படிவம் அனுப்பப்பட்டவுடன் நடக்கும் ஆறு படிகள் இவை:

1. பக்கத்தை மீட்டெடுத்தல். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அதில் என்னென்ன பெட்டிகள் இருந்தன என்பதை நினைவுக்குக் கொண்டுவருதல்.
2. வந்த மதிப்புகளை ஏற்றல். ஒவ்வொரு பெட்டியும் தனக்குரிய மதிப்பை எடுத்துக்கொள்ளுதல்.
3. சரிபார்த்தல். எழுத்தாக வந்ததை எண்ணாக மாற்ற முடிகிறதா, காலியாக விடப்பட்டிருக்கிறதா, எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்தல்.
4. மதிப்புகளைக் கையாளிடம் சேர்த்தல். சரிபார்ப்பில் தேறியவை மட்டும் பக்கக் கையாளின் கைக்குப் போகும்.
5. செயலை நிகழ்த்தல். 'வழங்கு' பொத்தானுக்குரிய செயற்கூறு இப்போதுதான் அழைக்கப்படும்.
6. விடையை வரைதல். அடுத்துத் தெரிய வேண்டிய பக்கத்தை உருவாக்கி உலாவிக்கு அனுப்புதல்.

முதலில் எல்லாம் சரியாக உள்ள படிவத்தை அனுப்புகிறோம். அது ஆறு பேரையும் கடந்து செல்கிறது. அடுத்து, 'எத்தனை நாள்' என்ற பெட்டியில் 'பத்து' என்று எழுத்தால் எழுதிய படிவம். மூன்றாம் மாணவர் அதை நிறுத்துகிறார். நான்காமவருக்கும் ஐந்தாமவருக்கும் அது போவதே இல்லை. நேரே ஆறாமவரிடம் செல்கிறது. பிழைச் செய்தியுடன் அதே பக்கம் திரும்புகிறது. மூன்றாவது முறை, படிவம் எதுவும் இல்லாமல் பக்கத்தை முதன்முதலாகத் திறக்கும் உலாவி வருகிறது. அப்போது முதல் படியும் ஆறாம் படியும் மட்டுமே நடக்கும்.

இங்கே மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி: பிழையான மதிப்பு பக்கக் கையாளின் கைக்கு ஏன் போகவில்லை? சரிபார்ப்பு அதற்கு முந்திய படியில் இருப்பதால். பதினொன்றாம் வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் படித்த மாணவர், உலாவியிலேயே சரிபார்த்துவிடலாமே என்று கேட்பார். கேட்க வேண்டும். உலாவியில் செய்யும் சரிபார்ப்பு பயனரின் வசதிக்கு. அதை யாரும் நிறுத்திவைத்துவிட்டுப் படிவத்தை அனுப்ப முடியும். ஆகவே சேவையகத்தில் மீண்டும் சரிபார்ப்பது கட்டாயம். நுழைவாயிலில் தகவல் பலகை இருந்தாலும் தேர்வறைக்குள் நுழையும் முன் நுழைவுச்சீட்டைப் பார்க்கிறோம் அல்லவா, அது போல.

இரண்டாம் பாடவேளை: யார் கொண்டுவந்து தருவது?

ஐந்தாம் படியில் பக்கக் கையாளுக்கு நூலகச் சேவை தேவைப்படுகிறது. அதைப் பெற இரண்டு வழிகள். ஒன்று, தானே ஒரு சேவையை உருவாக்கிக்கொள்வது. மற்றொன்று, யாராவது கொண்டுவந்து தருவது.

சுண்ணக்கட்டியை வைத்து இதை விளக்குகிறேன். ஆசிரியர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய சுண்ணக்கட்டியைத் தாமே கடைக்குப் போய் வாங்கிவந்தால், கடை மாறும்போது எல்லா ஆசிரியரும் புது வழியைக் கற்க வேண்டும். அலுவலகமே வாங்கி மேசையில் வைத்தால், கடை மாறியது ஆசிரியருக்குத் தெரியவே வேண்டாம். கையில் கிடைப்பது எழுதுகிறதா என்பது மட்டுமே அவர் கவலை. நிரலில் அந்த அலுவலகம்தான் ஸ்பிரிங் கொள்கலன். 'எனக்கு ஒரு நூலகச் சேவை வேண்டும்' என்று பக்கக் கையாள் அறிவித்தால் போதும். கொள்கலன் பொருத்தித் தரும்.

இதில் கிடைக்கும் பெரிய பயன் சோதனை. உண்மையான பதிவேட்டுக்குப் பதில் ஒரு மாதிரிப் பதிவேட்டைக் கொடுத்து, சேவை விதிகளைச் சரியாகப் பின்பற்றுகிறதா என்று பார்க்கலாம். தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வு வைப்பது போன்றது.

இப்போது சிக்கல் தெளிவாகிறது. பக்கம் ஜே.எஸ்.எஃப். வீட்டில் இருக்கிறது, கையாளும் சேவையும் ஸ்பிரிங் வீட்டில் இருக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்று இணைப்புகள் வேண்டும். மூன்றையும் கரும்பலகையில் மூன்று கம்பிகளாக வரைகிறேன்.

முதல் கம்பி, கொள்கலனை எழுப்புவது. வலைச் செயலி தொடங்கும்போதே ஸ்பிரிங் கொள்கலனும் தயாராக வேண்டும். முதல் பயனர் வந்தபின் அலுவலகத்தைத் திறக்கக் கூடாது. இதற்காக வலைச் செயலியின் அமைப்புக் கோப்பில் 'கான்டெக்ஸ்ட் லோடர் லிஸனர்' என்ற கேட்பானைப் பதிவு செய்கிறோம். சேவையகம் செயலியைத் தொடங்கியவுடன் அது கொள்கலனை உருவாக்கி, எல்லாருக்கும் தெரியும் பொது இடத்தில் வைக்கிறது.

இரண்டாம் கம்பி, பெயரைத் தேடுவது. பக்கத்தில் ஒரு பெட்டிக்கு எதிரே, எண் குறியும் நெளி அடைப்பும் இட்டு, இந்தக் கையாளின் இந்த மதிப்பு என்று பெயரால் எழுதுகிறோம். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று ஜே.எஸ்.எஃப். தேடும். 'ஸ்பிரிங் பீன் ஃபேசஸ் ஈ.எல். ரிசால்வர்' என்ற தேடுவானை ஜே.எஸ்.எஃப்.பின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு பதிவாகச் சேர்த்துவிட்டால், ஸ்பிரிங் கொள்கலனுக்குள்ளும் போய்த் தேடும். தலைமையாசிரியர் அறைக்கு வரும் பெற்றோர், 'எட்டாம் வகுப்பு ஆ பிரிவு வகுப்பாசிரியர் யார்?' என்று கேட்டால், ஆளைக் கூட்டிவரும் அலுவலக உதவியாளர் போன்றவர் இந்தத் தேடுவான்.

மூன்றாம் கம்பி, யாருடைய கோரிக்கை என்று அறிவது. ஒரே நேரத்தில் பலர் பக்கத்தைப் பயன்படுத்துவார்கள். இப்போது நடப்பது எவருடைய கோரிக்கை என்பது ஸ்பிரிங்குக்குத் தெரிய வேண்டும். ஸ்பிரிங்கின் சொந்த முகப்பைப் பயன்படுத்தினால் அதுவே இதைப் பார்த்துக்கொள்ளும். நம் கோரிக்கையோ 'ஃபேசஸ் சர்வ்லெட்' வழியாக வருகிறது. ஆகவே 'ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட் லிஸனர்' என்ற இன்னொரு கேட்பானையும் பதிவு செய்ய வேண்டும்.

கம்பி அறுந்தால் என்ன தெரியும் என்பதைக் கற்பிப்பது மிகவும் பயனுள்ளது. பிழைச் செய்தி என்பது திட்டு அன்று, முகவரி என்று மாணவருக்குச் சொல்லுங்கள். முதல் கம்பி இல்லையென்றால், வலைச் செயலிக்குரிய கொள்கலன் கிடைக்கவில்லை, கேட்பானைப் பதிவு செய்தீர்களா என்று கேட்கும் செய்தி வரும். இரண்டாம் கம்பி இல்லையென்றாலோ பெயரில் ஓர் எழுத்து மாறினாலோ, 'டார்கெட் அன்ரீச்சபிள்' என்று தொடங்கும் செய்தி வரும். மூன்றாம் கம்பி இல்லாமல், ஒரு கோரிக்கைக்கு மட்டும் வாழும் பொருளைக் கேட்டால், 'நோ த்ரெட்-பவுண்ட் ரிக்வெஸ்ட் ஃபவுண்ட்' என்ற செய்தி வரும். இந்த மூன்றையும் மூன்று அட்டைகளில் எழுதி, எந்தக் கம்பி அறுந்தது என்று குழுக்களைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். படிப்பில் பின்தங்கியவர்கள் என்று நாம் எண்ணும் மாணவர்களும் இதில் ஆர்வமாகப் பங்கேற்கிறார்கள். மனப்பாடம் இல்லை, துப்புத் துலக்கும் வேலை.

மூன்றாம் பாடவேளை: ஒரு சிலேட்டு, இரண்டு பேர்

இப்பாடத்தின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

ஸ்பிரிங் கொள்கலனில் ஒரு பொருளைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லாவிட்டால், அது அந்தப் பொருளை ஒன்றே ஒன்றுதான் உருவாக்கும். கேட்கும் எல்லாருக்கும் அதே ஒன்றைக் கொடுக்கும். இதற்கு 'சிங்கிள்டன்' என்று பெயர். நூலகச் சேவைக்கு இது பொருத்தம். அது யாருடைய விவரத்தையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. வந்த வேலையைச் செய்து அனுப்புகிறது. ஆனால் பக்கக் கையாள் அப்படி அல்ல. படிவத்தில் வந்த சேர்க்கை எண்ணையும் புத்தக எண்ணையும் அவர் கையில் வைத்திருக்கிறார். அவரும் ஒருவரே என்றால் என்ன ஆகும்?

மேசையில் ஒரு சிலேட்டு வைக்கிறேன். அதுதான் பக்கக் கையாள். இரண்டு மாணவிகள் ஒரே நேரத்தில் படிவத்தை அனுப்புகிறார்கள். முதல் மாணவியின் சேர்க்கை எண் சிலேட்டில் எழுதப்படுகிறது. 'வழங்கு' என்ற செயல் நடக்கும் முன், இரண்டாம் மாணவியின் எண் அதன்மேல் எழுதப்படுகிறது. இப்போது ஐந்தாம் படி மாணவர் சிலேட்டைப் பார்த்துப் புத்தகத்தை வழங்குகிறார். முதல் மாணவி கேட்டது இரண்டாம் மாணவியின் கணக்கில் ஏறுகிறது.

"சார், அந்தப் புள்ள புத்தகமே வாங்கலையே, அபராதம் மட்டும் அவ கட்டணுமா?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அந்த ஒரு கேள்வி என் அரைமணி நேர விளக்கத்துக்குச் சமம். நூலகத்தில் இது சில ரூபாய் அபராதம். அதுவே உதவித்தொகைப் படிவமாக இருந்தால்? மருத்துவமனைப் பதிவாக இருந்தால்? வகுப்பே பட்டியலிடட்டும்.

இந்தப் பிழையில் இன்னொரு தந்திரம் இருக்கிறது. நிரல் எழுதியவர் தன் கணினியில் தனியாகச் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது. ஒருவர் மட்டும் எழுதினால் ஒரு சிலேட்டு போதுமே! பலர் ஒரே நேரத்தில் வரும்போதுதான் வெளிப்படும். 'என் கணினியில் சரியாக வேலை செய்தது' என்பது ஏன் போதுமான சான்று அன்று என்பதை மாணவர்கள் இங்கே உணர்கிறார்கள்.

தீர்வு, ஆயுட்காலத்தைச் சொல்லிவைப்பது. கோரிக்கை ஆயுள் என்று சொன்னால், ஒவ்வொரு படிவத்துக்கும் புதிய சிலேட்டு. விடை அனுப்பியதும் அது கழிக்கப்படும். அமர்வு ஆயுள் என்று சொன்னால், ஒரு பயனருக்கு ஒரு சிலேட்டு. அவர் வெளியேறும்வரை அல்லது அமர்வு காலாவதியாகும்வரை அது அவருடையது. ஜே.எஸ்.எஃப்.பில் ஒரே பக்கத்தில் இருக்கும்வரை வாழும் பக்க ஆயுளும் உண்டு. ஸ்பிரிங்கில் அது இயல்பாக இல்லை. தேவைப்பட்டால் தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டு வீட்டுப் பழக்கங்களும் முழுக்க ஒன்றாக இருக்காது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பென்சிலும் பேனாவும்

மீதமுள்ள இருபது நிமிடத்தில் இரண்டு குறிப்பேடுகளை எடுக்கிறேன். ஒன்று புத்தக இருப்பு. மற்றொன்று மாணவர் கணக்கு. புத்தகம் வழங்குவது என்றால் இருப்பில் ஒன்றைக் கழிக்க வேண்டும். மாணவர் கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதலாவதை எழுதியபின் மின்சாரம் போய்விட்டால், புத்தகம் இருப்பிலும் இல்லை, யார் கணக்கிலும் இல்லை. காணாமல்போன புத்தகம்!

ஆகவே விதி: இரண்டையும் முதலில் பென்சிலால் எழுது. இரண்டும் முடிந்தால் பேனாவால் உறுதிசெய். நடுவில் பிழை வந்தால் இரண்டையும் அழி. இதுவே பரிவர்த்தனை. இந்த விதியைப் பக்கக் கையாள் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை. சேவையின் செயற்கூறுமேல் 'டிரான்ஸாக்ஷனல்' என்று ஒரு குறிப்பை இட்டால், ஸ்பிரிங் அந்தச் சேவையின் வாசலில் ஒரு காவலரை நிறுத்துகிறது. உள்ளே நுழையும்போது பென்சிலைக் கொடுப்பவரும், வெளியே வரும்போது பேனாவா அழிப்பானா என்று முடிவு செய்பவரும் அவரே. முகப்பை ஸ்பிரிங்குடன் இணைப்பதற்கு முக்கியமான காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆர்வமுள்ள மாணவருக்கு இரண்டு நுட்பங்களைச் சொல்லலாம். காவலர் வாசலில் நிற்கிறார். ஆகவே அறைக்குள்ளேயே ஒரு செயற்கூறு தன் இனக்குழுவின் இன்னொரு செயற்கூறை அழைத்தால் அது அவர் கண்ணில் படாது. அடுத்தது, இயல்பான அமைப்பில் 'ரன்டைம் எக்செப்ஷன்' வகைப் பிழைகளுக்கும் 'எரர்' வகைக்கும் மட்டுமே காவலர் அழிப்பானை எடுப்பார். மற்ற வகைப் பிழைகளுக்கும் அழிக்க வேண்டுமென்றால் வெளிப்படையாகச் சொல்லிவைக்க வேண்டும்.

ஆய்வகத்தில் செய்துகாட்ட விரும்பினால்

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு கணினியில் இதைச் செய்துகாட்ட விரும்பும் ஆசிரியர்கள் பதிப்புப் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். பெருநிறுவன ஜாவா 2017இல் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு மாற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 2018இல் ஜகார்த்தா என்ற பெயரைப் பெற்றது. 2020இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் நிரல் தொகுப்புகளின் பெயர்களும் 'ஜாவாக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என்று மாறின. ஜே.எஸ்.எஃப்.பும் இப்போது ஜகார்த்தா ஃபேசஸ் ஆகிவிட்டது.

எனவே ஸ்பிரிங் 5 என்றால் டாம்கேட் 9, ஜே.எஸ்.எஃப். 2.3 ஆகியவற்றைச் சேருங்கள். ஸ்பிரிங் 6 என்றால் ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தியது, டாம்கேட் 10.1, ஃபேசஸ் 4 ஆகியவை வேண்டும். பழையதையும் புதியதையும் கலந்தால், இனக்குழு கிடைக்கவில்லை என்ற செய்திதான் மிஞ்சும். டாம்கேட்டில் ஜே.எஸ்.எஃப். உடன் வராது, மொஜாரா அல்லது மைஃபேசஸ் தொகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய நூல்களில் காணும் 'மேனேஜ்டு பீன்' என்ற குறிப்பு ஃபேசஸ் 4இல் நீக்கப்பட்டுவிட்டது; கையாளை ஸ்பிரிங்கின் பொருளாகவே அறிவிப்பது நல்லது.

இன்று பல புதிய திட்டங்களில் ஜே.எஸ்.எஃப்.புக்குப் பதில் வேறு முகப்புகளும், 2014இல் வந்த ஸ்பிரிங் பூட்டும் பயன்படுகின்றன. அமைப்புக் கோப்புகளில் நாம் கையால் எழுதும் பலவற்றை ஸ்பிரிங் பூட் தானே செய்துவிடும். அப்படியானால் கம்பிகளைக் கற்பானேன்? தானாக நடப்பது நின்றுபோகும்போது எங்கே பார்ப்பது என்று அறிவதற்காக. நம் மாணவர் படிக்கும் பி.எச்.பி.யில் லாராவெல் என்ற பிரேம்வொர்க்கும் இதே போன்ற கொள்கலனைக் கொண்டதே. ஒரு மொழியில் புரிந்தது மற்றொரு மொழிக்கும் உதவும்.

மதிப்பீடு

நான் கேட்கும் கேள்விகளுள் சில:

1. 'ஒருவருக்கு இரண்டு புத்தகம்தான்' என்ற விதியைப் பக்கத்தில் எழுதலாமா, சேவையில் எழுதலாமா? ஏன்? (சேவையில். நாளை கைப்பேசிச் செயலி ஒன்று வந்தாலும் அதே விதி பொருந்த வேண்டும்.)
2. 'எத்தனை நாள்' பெட்டி காலியாக இருந்தால் எந்தப் படியில் நிற்கும்? (பெட்டியை நிரப்புவது கட்டாயம் என்று அறிவித்திருந்தால் மூன்றாம் படியில்.)
3. பக்கத்தில் கையாளின் பெயரைத் தவறாக எழுதினால் எந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும்? (இரண்டாம் கம்பி.)
4. நூலகச் சேவை ஒன்றே ஒன்றாக இருப்பது ஏன் ஆபத்து இல்லை? எப்போது ஆபத்தாகும்? (தன்னிடம் எவர் விவரத்தையும் வைத்துக்கொள்ளாதவரை ஆபத்து இல்லை. 'கடைசியாக வாங்கியவர்' என்று ஒரு மாறியை அதற்குள் வைத்துவிட்டால் ஆபத்து.)

நான்காம் கேள்விக்குச் சரியாக விடை சொல்லும் மாணவர் பாடத்தை முழுமையாக உள்வாங்கிவிட்டார் என்று கொள்ளலாம். விடையை எழுதச் சொல்வதைவிட, சிலேட்டை எடுத்து நடித்துக்காட்டச் சொல்வது நல்லது. எழுத்தில் தயங்கும் மாணவரின் புரிதலும் அப்போது வெளிவரும்.

கீழ் வகுப்புகளுக்கு

தொடக்க, நடுநிலை வகுப்பு ஆசிரியர்களும் இதில் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். சிலேட்டுச் செயல்பாட்டை ஐந்தாம் வகுப்பிலேயே நடத்தலாம்: ஒரே சிலேட்டில் இரண்டு பேர் தங்கள் கணக்கைப் போட்டால் விடை யாருடையது? பென்சில்-பேனா செயல்பாடு, கொடுக்கல் வாங்கல் கணக்குகளுக்குப் பொருந்தும். ஆறு படி வரிசையை, கடிதம் ஒன்று அஞ்சலகம் வழியே செல்லும் பயணமாக மாற்றி மொழிப் பாடத்தில் நடத்தலாம். கணினி என்ற சொல்லையே உச்சரிக்காமல், வேலையைப் பிரிப்பது, ஒழுங்காகக் கைமாற்றுவது, பாதியில் விடாமல் முடிப்பது ஆகிய மூன்றையும் குழந்தைகள் கற்றுக்கொள்வார்கள்.

தேவையான பொருள்கள் எல்லாப் பள்ளியிலும் உள்ளவை. அட்டைகளை மாணவர்களே தயாரிக்கட்டும். நூலகத்துக்குப் பதில் சத்துணவுப் பதிவேடு, விளையாட்டுப் பொருள் வழங்கல் என்று உங்கள் பள்ளிக்கு ஏற்ற எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுங்கள். பாடவேளைகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் படிவத்தின் பயணம், அடுத்து கம்பிகள், கடைசியில் சிலேட்டு. பயணமும் கம்பிகளும் தெரிந்திருந்தால்தான் சிலேட்டு எங்கே இருக்கிறது, அதில் யார் எழுதுகிறார் என்பது மாணவருக்கு விளங்கும்.